0.3 நிமிடம் என்றால் எத்தனை விநாடி?

நண்பர்களே, கேள்வியைப் பார்த்துச் சிரிக்காதீங்க. 0.3 × 60 = 18 விநாடி. சின்ன வகுப்புக் கணக்குதான். ஆனால் 1996-ல், மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்ட்டா ரிக்கா நாட்டின் தலைநகர் சான் ஹோசேயில், ஓர் ஆஸ்பத்திரியில் இதை 30 விநாடி என்று எடுத்துக்கொண்டார்கள். 115 புற்றுநோயாளிகள் பாதிக்கப்பட்டார்கள். எப்படி?

புற்றுநோய்க் கட்டியை அழிக்கக் கதிர்வீச்சு கொடுப்பார்கள். நம்ம ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்பார்களே, அதுதான். (கோபால்ட் மிஷினிலிருந்து வருவது கரண்ட் இல்லீங்க, காமா கதிர்!) மருந்தை மில்லி கணக்கில் ஊற்றி அளக்கலாம். கதிரை எப்படி அளப்பது?

அதன் அலகு 'கிரே'. ஒரு கிலோ எடையுள்ள பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உறிஞ்சினால் அது 1 கிரே. பெரும்பாலும் ஒரு நாளைக்கு 2 கிரே வீதம் சில வாரங்கள் கொடுப்பார்கள். இந்த 2 கிரே தண்ணீரை எவ்வளவு சூடாக்கும் தெரியுமா? சுமார் 0.0005 டிகிரி செல்சியஸ். அவ்வளவுதான்! உடம்பில் சுடாது, வலிக்காது. அளவு கூடிப்போனாலும் படுத்திருப்பவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. புண்ணும் வயிற்றுப்போக்கும் பிறகுதான் வரும்.

அதனால் முன்கூட்டியே அளந்து வைப்பார்கள். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், நோயாளிக்குப் பதிலாக ஒரு தண்ணீர்த் தொட்டி. அதற்குள் விரல் நுனி அளவு காற்றறை ஒன்றை வைப்பார்கள். கதிர் பட்டதும் உள்ளே இருக்கும் காற்று அயனியாகும். அந்த மின்னூட்டத்தை அளந்து, அறையின் வெப்பநிலை, காற்றழுத்தத்துக்கு ஏற்பத் திருத்தி, 'நிமிடத்துக்கு இத்தனை கிரே' என்று கணக்கிடுவார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் எத்தனை நிமிடம் என்பது வெறும் வகுத்தல்.

கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 வருஷம். நாளாக ஆக வலு குறையும், புதுசு மாற்றணும். சான் ஹோசேயில் ஆகஸ்டில் அப்படி மாற்றினார்கள். 18 விநாடியில் வந்த கதிரை 30 விநாடியில் வந்ததாக எழுதியதால், புது கோபால்ட் இருப்பதைவிட மந்தமாகத் தெரிந்தது. மந்தம் என்றால் அதிக நேரம் வைக்கணும் அல்லவா? வைத்தார்கள். எல்லோருக்கும் பாதிக்கு மேல் கூடுதலாகப் போனது. சுமார் ஒரு மாதம் கழித்துத்தான் நிறுத்தினார்கள். சிலர் அதனாலேயே இறந்தார்கள்.

மிஷினில் ஒரு பழுதும் இல்லை! இன்னொருவர் தனியாக அளந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அப்படி அளந்து பார்க்கத் தபால் வழியும் உண்டு. வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகமை, உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து 1969 முதல் இதைச் செய்கிறது. முன்பு லித்தியம் புளூரைடு பொடி அனுப்பினார்கள். சூடாக்கினால் வாங்கிய கதிருக்கு ஏற்ப ஒளிவிடும் பொடி அது. இப்போது சின்னக் கண்ணாடிக் குச்சி. ஆஸ்பத்திரிக்காரர்கள் அதற்கு 2 கிரே கொடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் விசாரிப்பார்கள். சான் ஹோசே கணக்கோடு ஒன்று போயிருந்தால், 2 என்று எழுதிய இடத்துக்கு 3-க்கு மேல் என்று பதில் வந்திருக்கும்.