குடிநீரைக் காக்கும் வெண்பொடி

ஊராட்சி அலுவலகக் கிடங்கிலும், மருத்துவமனையின் பண்டக அறையிலும், மேல்நிலை நீர்த்தொட்டியின் அடியிலும் தவறாமல் காணப்படும் பொருள் பிளீச்சிங் பவுடர். பாடநூல்கள் இதனைச் சலவைத் தூள் என்று குறிப்பிடுகின்றன. நீற்றிய சுண்ணாம்பின் மீது குளோரின் வாயுவைச் செலுத்தினால் இத்தூள் கிடைக்கிறது. செய்முறை எளிது, விலையும் குறைவு. ஆயினும் வாந்திபேதி, டைபாய்டு, மஞ்சட்காமாலை போன்ற நீரால் பரவும் நோய்களிலிருந்து கோடிக்கணக்கான மக்களைக் காக்கும் பொறுப்பில் பெரும் பங்கு இதனுடையது.

துணியிலிருந்து தண்ணீருக்கு

பெயருக்கேற்ப, இத்தூள் முதலில் துணி வெளுக்கவே பயன்பட்டது. ஐரோப்பாவில் நெய்த துணியை வாரக்கணக்கில் புல்வெளியில் விரித்து வெயிலில் வெளுத்து வந்த காலத்தில், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் டென்னன்ட் 1799-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆலைகளின் வேலை விரைவுபட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டிற்குப் பின்னர், 1897-இல், இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டன் நகரில் டைபாய்டு பரவியபோது குடிநீர்க் குழாய்களைத் தூய்மைப்படுத்த இதனைக் கையாண்டனர். 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் தன் குடிநீரில் இதனை நாள்தோறும் கலக்கத் தொடங்கியது. இன்று நம் நாட்டில் கிணறு, நீர்த்தொட்டி, சாக்கடை, கழிப்பறை, மருத்துவமனைத் தளம் ஆகிய அனைத்திற்கும் இதுவே கைகொடுக்கிறது.

வேலை செய்வது தூளன்று, குளோரின்

தூளை நீரில் கரைத்ததும் ஹைபோகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. கிருமிகளை அழிப்பது இதுவே. நீரில் அழுகிய இலை, மண், இரும்பு, அம்மோனியா முதலியவை இருந்தால், குளோரின் முதலில் அவற்றின் மீது செலவாகிவிடும். அச்செலவு போக எஞ்சி நிற்பதே கிருமிகளைக் கொல்லவும், குழாய் வழியே வரும்போது புதிதாகச் சேரும் அசுத்தத்தைத் தடுக்கவும் உதவும். இதனை 'எஞ்சிய குளோரின்' என்பர். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்கிறது. வைரஸ் நோய்களுக்கு எதிராகக் காப்புத் தேவைப்படும்போது 0.5 மில்லிகிராம் இருத்தல் வேண்டும்.

புதிய, நல்ல தூளில் சுமார் 33 சதவீதம் பயன்படு குளோரின் உண்டு. ஓரளவு தெளிந்த கிணற்று நீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் தூள் என்பது வழக்கமான கணக்கு. இதனால் ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறத்தாழ 0.8 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். ஆனால் இத்தூள் ஈரத்தையும் வெப்பத்தையும் ஒளியையும் தாங்காது. வாய் திறந்த மூட்டையில் நாளுக்கு நாள் குளோரின் வெளியேறிக்கொண்டே இருக்கும். கிடங்கில் வீசும் நெடி தூளின் வீரியத்தைக் காட்டுவதன்று. வீரியம் விடைபெறுவதைக் காட்டுவது. குளோரின் பாதியாகக் குறைந்த தூளை அதே 2.5 கிராம் இட்டால், லிட்டருக்கு 0.4 மில்லிகிராமே கிடைக்கும். நீரிலுள்ள அசுத்தமே அதை உண்டுவிட்டால், எஞ்சுவது ஏதுமில்லை. தூள் வெண்மையாகவே இருக்கும், மூட்டையும் குறையாது, காப்பு மட்டும் இராது.

கிணற்றில் இடும் முறை

முதலில் நீரின் அளவைக் கணக்கிட வேண்டும். கிணற்றின் விட்டம் 2 மீட்டர், நீரின் ஆழம் 3 மீட்டர் எனில், நீர் ஏறத்தாழ 9,400 லிட்டர். இதற்குச் சுமார் 24 கிராம் தூள் தேவை. கலங்கிய நீருக்கும் வெள்ளம் புகுந்த கிணற்றுக்கும் கூடுதலாக வேண்டும். 2018 ஆகஸ்டு வெள்ளத்திற்குப் பின் கேரளத்தில் வீட்டுக் கிணறுகளில் கூடுதல் அளவில் குளோரின் இட்டது இதனாலேயே.

தூளைப் பிளாஸ்டிக் வாளியில் சிறிது நீர் விட்டுக் குழைத்து, பின் முக்கால் வாளி நீர் சேர்த்துக் கலக்கி, ஐந்து முதல் பத்து நிமிடம் தெளியவிட வேண்டும். அடியில் தங்குவது சுண்ணாம்பு. அதைக் கிணற்றில் கொட்டினால் நீரின் கடினத்தன்மை கூடும். தெளிந்த மேல்நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கயிற்றில் கட்டி இறக்கி, நீருக்குள் மேலும் கீழுமாக அசைத்துக் கலக்க வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம் கழித்தே நீரை எடுக்கலாம். இரவில் இடுவது வசதியானது.

இத்தூளின் எல்லையையும் அறிதல் நலம். புளோரைடையும் ஆர்செனிக்கையும் இது நீக்காது. கழிப்பறை கழுவும் அமிலத்துடன் இதனைக் கலந்தால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பி உயிருக்கே ஊறு நேரலாம். மண்ணெண்ணெய், எண்ணெய் முதலியவற்றின் அருகே வைத்தால் தீப்பற்றும் அபாயம் உண்டு. காற்றுப்புகா மூடியுள்ள பிளாஸ்டிக் கலத்தில், குளிர்ந்த, உலர்ந்த, இருண்ட இடத்தில் வைப்பதே முறை.

பதிவேட்டில் எழுத வேண்டியது

எத்தனை கிலோ தூள் வாங்கப்பட்டது, எத்தனை கிலோ செலவானது என்பதைப் பதிவேடுகள் காட்டுகின்றன. தணிக்கைக்கு அது போதும். மக்களின் உடல்நலத்திற்குப் போதாது. தெருவோரம் வெண்கோடு போல் தூவப்படும் தூளும் கணக்கில் செலவுதான். ஆனால் உலர்ந்த மண்ணில் கிடக்கும் தூள் குடிநீரில் ஒரு கிருமியையும் கொல்வதில்லை.

உண்மையான அளவுகோல் கடைக்கோடிக் குழாயில் கிடைக்கும் எஞ்சிய குளோரின். அதை அறிவது கடினமன்று. டி.பி.டி. என்னும் வேதிப்பொருளை நீர் மாதிரியில் இட்டதும் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். அதனை நிற அட்டையோடு ஒப்பிட்டால் அளவு தெரிந்துவிடும். 2019-இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம், ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பேருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, நீர்ப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சியளிக்க வழி செய்துள்ளது. தூள் தயாரான மாதத்தையும், கடைசிக் குழாயின் அன்றாட அளவையும் பதிவேட்டில் இரு பத்திகளாகச் சேர்த்தால், அப்பயிற்சி முழுப்பயன் தரும்.

கிருமி மூட்டையைக் கண்டு அஞ்சுவதில்லை. நீரில் எஞ்சி நிற்கும் குளோரினுக்கே அஞ்சுகிறது. நிர்வாகம் கணக்கிட வேண்டியதும் அதனையே.