பழைய அரசு லேப்டாப்பை எழுப்ப

2011 முதல் நம் பிள்ளைகளுக்கு அரசு தந்த விலையில்லா மடிக்கணினிகள் பல, விண்டோஸ் பழுதாகி, தக்கலை, திட்டுவிளைப் பக்க வீடுகளில் அலமாரியில் கிடக்கின்றன. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸை இலவசமாக இறக்கி அவற்றில் நிறுவலாம்.

இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை டிவிடியில் வெறுமனே காப்பி செய்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. நாங்களே இரண்டு டிவிடியை அப்படி வீணடித்தோம். நல்ல நிலையிலுள்ள வேறொரு விண்டோஸ் கணினியில், அந்தக் கோப்பின்மேல் வலது கிளிக் செய்து ‘பர்ன் டிஸ்க் இமேஜ்’ கொடுக்க வேண்டும். பென் டிரைவ் என்றால் ரூஃபஸ் மென்பொருள் போதும். ஆனால் அதில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். பிறகு மடிக்கணினியை ஆன் செய்ததும் பூட் மெனுவைத் திறந்து (லெனோவோவில் எஃப்12) டிவிடியையோ பென் டிரைவையோ தேர்ந்தெடுங்கள்.

உடனே நிறுவிவிடாதீர்கள். ‘லைவ்’ முறையில் திறந்து, சான்றிதழ்களையும் நிக்காஹ் படங்களையும் வேறு பென் டிரைவில் எடுத்துவையுங்கள். அலுவலகக் கணினியில் அவசரப்பட்டு நிறுவி, கல்வி உதவிப் பட்டியலை இழந்தோம். மறுபடி வீடு வீடாக ஏறி இறங்கித்தான் எழுதினோம்.