காயம்பட்ட கைகளும் கற்பாறையும்

பாறையேறும் விளையாட்டில் உடலின் பாரத்தைப் பெரிதும் கால்கள் தாங்கினாலும், செங்குத்தான இடங்களில் விரல் நுனிகளே துணை. விரல்களை மடக்கும் தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் உள்ளன. அங்கிருந்து வரும் தசைநாண்களை எலும்போடு சேர்த்துப் பிடிப்பவை சிறு வளையங்கள். பாரம் மிஞ்சினால் இவை கிழிவதுண்டு. ஆகவே, காயம்பட்டவர் முதலில் ஓய்வு கொண்டு, பின்னர் மருத்துவர் சொற்படி எளிய பாறைகளில் சிறிது சிறிதாகப் பழக வேண்டும்.

அமெரிக்க வீரர் டாமி கால்டுவெல் 2001-இல் மரம் அறுக்கும் இயந்திரத்தில் இடக்கைச் சுட்டுவிரலை இழந்தார். மனந்தளராமல் எஞ்சிய விரல்களைப் பழக்கினார். கலிபோர்னியாவிலுள்ள எல் கேப்பிட்டன் சுமார் 3,000 அடி உயரப் பாறை. அதன் 'டான் வால்' பகுதியில் 2014 டிசம்பர் 27 அன்று அவரும் கெவின் ஜார்ஜ்சனும் ஏறத் தொடங்கினர். விழுந்தால் தாங்குவதற்கு மட்டுமே கயிறு. ஏறுவதற்குக் கையும் காலுமே.

பாதி வழியில், கத்தி போன்ற பாறை விளிம்புகள் ஜார்ஜ்சனின் விரல் நுனிகளைக் கிழித்தன. பாறையில் தொங்கவிட்ட கூடாரத்தில் தங்கி, தோல் ஆறக் காத்திருந்து, மீண்டும் மீண்டும் முயன்றார். ஜனவரி 9 அன்று அவ்விடத்தைக் கடந்தார். முன்னேறிச் சென்றிருந்த கால்டுவெல்லோ தனியே உச்சிக்குப் போகாமல் நண்பருக்காகக் காத்திருந்தார். 2015 ஜனவரி 14 அன்று இருவரும் சேர்ந்தே உச்சியை அடைந்தனர்.

தோழியரே, ஓய்வு என்பது தோல்வியன்று. அதுவும் முயற்சியின் ஒரு பகுதியே. பிறர் காயம் ஆறும்வரை காத்திருப்பதும் வீரமே அன்றோ!