ஃபேஷியலுக்கு 5% வரி, அதைக் கற்க 18%: குறைந்த செலவில் அழகுக்கலை படிக்க என்ன வழி?

பார்லரில் ஃபேஷியல் செய்துகொண்டால் இப்போது 5% ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு இது 18% ஆக இருந்தது. ஆனால், அதே ஃபேஷியலைக் கற்றுக்கொள்ள ஜி.எஸ்.டி பதிவு பெற்ற தனியார் அகாடமியில் சேர்ந்தால் இன்னமும் 18% தான். ஒரு லட்சம் ரூபாய் கட்டணம் என்றால், வரி மட்டுமே 18,000 ரூபாய்.

"பியூட்டீஷியன் கோர்ஸ் முடிச்சா சொந்தக் கால்ல நிக்கலாம்" என்று நினைக்கும் மாணவிக்கு இது சின்னத் தொகை இல்லை. கடன் வாங்கிப் படித்துவிட்டு, பார்லரில் உதவியாளர் சம்பளத்தில் அந்தக் கடனை அடைப்பது எளிதும் இல்லை.

அப்படின்னா குறைந்த செலவில் படிக்க வழியே இல்லையா? இருக்கிறது.

ஐ.டி.ஐ-யில் அழகுக்கலையா?

ஐ.டி.ஐ என்றதும் ஃபிட்டர், வெல்டர், எலெக்ட்ரீஷியன்தான் நினைவுக்கு வரும். ஆனால், 'பேசிக் காஸ்மெட்டாலஜி' என்ற ஓராண்டுத் தொழிற்பிரிவும் அங்கே உண்டு. 10-ம் வகுப்பு தேர்ச்சி போதும்.

மொத்தம் 1,200 மணி நேரப் பயிற்சி. அதில் 840 மணி நேரம் செய்முறை. இதுபோக, 150 மணி நேரம் வேலை நடக்கும் இடத்திலேயே பயிற்சி. அகில இந்திய தொழிற்தேர்வில் தேறினால், நாடு முழுவதும் செல்லுபடியாகும் தேசிய தொழிற்சான்றிதழ் (என்.டி.சி) கிடைக்கும்.

எவ்வளவு செலவாகும்?

தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ-க்களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, காலணி, பஸ் பாஸ் ஆகியவையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த மாணவி என்றால், 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கூடுதலாக வரும். இரண்டும் சேர்ந்தால் 1,750 ரூபாய். மாணவர்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் அதே 1,000 ரூபாய் உண்டு.

அதனால செலவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எல்லா ஐ.டி.ஐ-யிலும் இந்தப் பிரிவு இல்லை. வெளியூரில் சீட் கிடைத்தால் தங்குமிடம், சாப்பாட்டுச் செலவு இருக்கிறது. ஓராண்டு வேலைக்குப் போகாமல் இருப்பதும் குடும்பத்துக்கு ஒரு செலவுதான்.

குறுகிய காலப் பயிற்சி போதாதா?

பிரதமரின் கௌசல் விகாஸ் யோஜனா திட்டத்தில் அழகுக்கலைக்கு இலவசக் குறுகிய காலப் பயிற்சிகள் உள்ளன. சில வாரத்தில் முடித்துவிடும் தனியார் கோர்ஸ்களும் ஏராளம். அடிப்படை கற்க அவை உதவும். ஆனால், இந்தத் தொழிலில் கை பழகப் பழகத்தான் பாதுகாப்பு.

பல ஹேர் டைகளில் உள்ள பி.பி.டி என்ற வேதிப்பொருள் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை ஏற்படுத்தும். அதனால்தான் 48 மணி நேரம் முன்பே தோலில் கொஞ்சம் தடவிப் பார்க்கும் 'பேட்ச் டெஸ்ட்' அவசியம். ஒரே பிளேடை இருவருக்குப் பயன்படுத்தினால் ஹெபடைடிஸ் பி பரவலாம். செலவைக் குறைக்கிறோம் என்று பயிற்சி நேரத்தைக் குறைத்தால், அதன் விலையை வாடிக்கையாளரின் தோல் கொடுக்கும்.

படித்த பிறகு கடை வைக்க?

கலைஞர் கைவினைத் திட்டத்தில் சிகை அலங்காரம், அழகுக்கலை உள்ளிட்ட 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25% மானியம் (அதிகபட்சம் 50,000 ரூபாய்) உண்டு. ஆனால், 35 வயது ஆகியிருக்க வேண்டும். 19 வயதில் படிப்பை முடிப்பவர் இதற்காக 16 ஆண்டு காத்திருக்க முடியுமா? இளையவர்களுக்கு முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில், அடமானம் இல்லாமல் 50,000 ரூபாய் வரை கடன் பெறும் வழி இருக்கிறது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

தனியார் அகாடமியில்தான் சேரப் போகிறீர்கள் என்றால், மூன்று கேள்விகளை மறக்காமல் கேளுங்கள்:

* சான்றிதழ் தருவது யார்? அகாடமியா, அரசு அங்கீகாரம் பெற்ற அமைப்பா?
* செய்முறைப் பயிற்சி எத்தனை மணி நேரம்? பொம்மைத் தலையிலா, நிஜ ஆட்கள் மீதா?
* சொல்லும் கட்டணத்தில் கிட், தேர்வுக் கட்டணம், ஜி.எஸ்.டி எல்லாம் அடக்கமா?

ஏன் இது முக்கியம்?

தொடர்ந்து பல ஆண்டுகள் நிரம்பாத ஐ.டி.ஐ இடங்களை மத்திய பயிற்சித் தலைமை இயக்ககம் நீக்கிவிடுகிறது. யாரும் சேராத பிரிவு மெல்லக் காணாமல் போகும். பிறகு மிஞ்சுவது லட்ச ரூபாய் கோர்ஸ் மட்டும்தான். இந்த வழி திறந்தே இருக்க வேண்டுமானால், அரசு இந்தப் பிரிவை இன்னும் பல ஊர்களுக்குக் கொண்டுபோக வேண்டும்; பார்லர்கள் ஐ.டி.ஐ சான்றிதழை மதித்து வேலை தர வேண்டும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ 10-ம் வகுப்பு முடித்த ஒருவர் அழகுக்கலை படிக்க ஆசைப்படுகிறாரா? வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தில் எந்த ஐ.டி.ஐ-யில் இந்தப் பிரிவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். அகாடமியில் முன்பணம் கட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.