பாடசாலைப் பிள்ளையின் சிற்றுண்டியும் வயலிற் பயறும்

கமக்காரர் விதைநெல்லைத் தெரிந்தெடுப்பதிலும் நாற்றுக்குப் பசளை இடுவதிலும் மிகுந்த கவனஞ் செலுத்துகின்றனர். பாடசாலை செல்லும் இளம் பிள்ளையின் உணவுக்கும் அத்தகைய கவனம் வேண்டும். காலையில் வெறுந் தேநீர் அருந்திச் சென்று, இடைவேளையில் இனிப்பு விசுக்கோத்தும் நிறமூட்டிய பானமும் உட்கொள்ளும் பிள்ளை, பின்னுள்ள பாடங்களிற் சோர்வடைதல் இயல்பே.

சோர்வின் காரணம்

வளர்ந்தவரின் மூளை உடல் நிறையில் ஏறத்தாழ 2 சதவீதமே. ஆயினும், ஓய்வுநிலையில் உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குச் செல்கின்றது. சிறு பிள்ளைகளில் இப்பங்கு இன்னும் அதிகமாகும். ஆகையால் மூளைக்குச் சக்தி இடையறாது கிடைத்தல் அவசியம். சீனியும் தீட்டிய கோதுமை மாவும் விரைவிற் சமிபாடடைந்துவிட, பசி மீண்டும் தோன்றுகின்றது. பசித்த பிள்ளையின் கருத்துப் பாடத்தில் நிலைப்பதில்லை.

இத்தகைய தின்பண்டங்கள் மதிய உணவில் விருப்பத்தையுங் குறைக்கின்றன. அதனாற் புரதமும் இரும்புச்சத்தும் குறைவுபடுகின்றன. இரும்புச்சத்துக் குறைந்தால் குருதிச்சோகை உண்டாகும். கவனமுங் கற்குந்திறனுங் குன்றும். உணவுடன் தேநீர் அருந்துவதும் இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும்.

இலங்கையில் 2016ஆம் ஆண்டு தொடக்கம் இனிப்புப் பானங்களின் சீனியளவு நிறக் குறியாற் காட்டப்படுகின்றது. சிவப்புக் குறி மிகுந்த சீனியைக் குறிக்கும். அதனை வாங்காது விடுதல் நன்று.

வயல் தரும் சிற்றுண்டி

பெரும்போக அறுவடையின் பின், சிறுபோகத்துக்கு முன், மண்ணில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு பயறு செய்கை பண்ணலாம். குறுகிய கால இனங்கள் ஏறக்குறைய 65 நாட்களில் முதிரும். வேர்முடிச்சுகளால் நிலமும் வளம்பெறும்.

100 கிராம் உலர்ந்த பயற்றில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 30 கிராம் போதுமானது. 200 பாடசாலை நாட்களுக்கு 6 கிலோகிராம் தேவைப்படும். இவ்வளவையும் விற்பனைக்கு முன்னரே ஒதுக்கி, நன்றாக உலர்த்தி, வண்டு புகாத மூடியுள்ள கலத்திற் சேமித்தல் வேண்டும்.

முதல் நாளிரவு ஊறவைத்த பயற்றைக் காலையில் அவித்துச் சிறிது உப்பிட்டுக் கொடுக்கலாம். தேங்காய்ப்பூக் கலந்தால் விரைவிற் பழுதாகுமாகையால், பாடசாலைக்குக் கொடுத்தனுப்புவதில் அதனைச் சேர்க்காதிருத்தல் நலம். உடன் ஒரு கொய்யாப்பழம் கொடுத்தால், அதிலுள்ள உயிர்ச்சத்து சி பயற்றின் இரும்புச்சத்து உடலிற் சேர உதவும். கௌபி, அவித்த கச்சான், வற்றாளைக் கிழங்கு, எள்ளுருண்டை ஆகியவற்றையும் மாறி மாறிக் கொடுக்கலாம். பானத்துக்குக் கொதித்தாறிய நீரே சிறந்தது.

விளைந்த பயறு முழுவதையும் விற்று, அப்பணத்தில் விசுக்கோத்து வாங்கிக் கொடுப்பது இலாபமாகாது. விதைக்கென முதலில் ஒரு பங்கை ஒதுக்குவதுபோலப் பிள்ளைக்கும் ஒரு பங்கை ஒதுக்குதல் கமக்காரரின் கடமையாகும்.