ஆட்டம் நீங்கிய முகமூடிகள்

மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே, வானூர் வட்டத்துச் செம்மண் மேட்டில், 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பெற்றபோது 124 நாடுகளின் மண் ஒரு பளிங்குத் தாழியில் இடப்பட்டது. அதே ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், பண்டியாகரா செங்குத்துப் பாறைச் சரிவுகளில் வாழும் டோகோன் மக்கள், அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே வரும் சிகுயி என்னும் பெருஞ்சடங்கின் நடுவே இருந்தனர். 1967-இல் யூகு என்ற ஊரில் தொடங்கி, ஊர் ஊராக நகர்ந்து 1973 வரை நீண்ட அச்சடங்குக்கெனச் செதுக்கப்படும் பெருமுகமூடி எவர் முகத்திலும் அணியப்படுவதில்லை. முதன்முதலில் இறந்த மூதாதையின் நினைவாக அது பாறைக் குகையில் வைக்கப்படுகிறது. இரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. எனினும், ஒவ்வொரு நாடும் தன் பண்பாட்டின் உள்ளியல்பைக் காட்டும் அரங்கம் ஒன்றைக் கொண்டிருக்க வேண்டும் என்ற நோக்கில் ஆரோவிலின் பன்னாட்டு மண்டலம் வகுக்கப்பட்டிருப்பதாலும், ஆப்பிரிக்காவுக்கென ஓர் அரங்கம் அங்கே இருப்பதாலும், அக்கண்டத்தின் சடங்கு முகமூடிகளை எப்படிப் பார்ப்பது என்ற கேள்வி இக்கடற்கரைக்கு அயலானதன்று.

பொதுவாக அவை பார்க்கப்படும் விதம் வேறு. கிழக்குக் கடற்கரைச் சாலையின் கைவினைக் கடைகளிலும், விடுதிகளின் வரவேற்பறைகளிலும், வசதியுள்ள வீடுகளின் கூடங்களிலும் ஆணியில் மாட்டப்பட்ட மரமுகம் ஒன்றே ‘ஆப்பிரிக்க முகமூடி’ எனப்படுகிறது. அது எந்த நாட்டினது, எந்த மக்களுடையது, எந்த நாளுக்குரியது என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. ஆனால் அதைச் செய்து அணிந்த மக்களிடையே முகமூடி என்பது உடலை முழுவதும் மறைக்கும் நார் ஆடை, காற்சதங்கை, பறை, பாட்டு, அணிபவரின் நோன்பு, பார்ப்பவரின் அச்சம் ஆகிய அனைத்தும் சேர்ந்த ஒரு நிகழ்ச்சி. செதுக்கிய மரம் அந்நிகழ்ச்சியின் ஓர் உறுப்பு மட்டுமே. ஏனைய உறுப்புகள் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்ற இயலாதவையாக இருந்ததால்தான் மரம் மட்டும் உலகெங்கும் பரவியது.

டோகோன் மக்களின் கனகா என்னும் முகமூடி இதற்குத் தக்க சான்று. முகத்துக்கு மேலே இரட்டைக் குறுக்குச் சட்டங்களுடன் உயர்ந்து நிற்கும் அதனை அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் காண்பவர் ஒரு நிலையான வடிவமாகவே கொள்வர். ஆட்டத்திலோ ஆடுநர் இடுப்பை வளைத்துச் சுழன்று அதன் உச்சியால் தரையைத் தொட்டு வீசி எழுகிறார், அந்த வீச்சுக்காகவே அது அவ்வாறு செதுக்கப்படுகிறது. சிரிகே என்னும் இன்னொரு வகையோ பல மீட்டர் உயரமுள்ள பலகையைத் தலையில் ஏந்துவது. இவை தோன்றும் இடம் தாமா எனப்படும் ஈமச்சடங்கு. இறந்தவரின் ஆவியை ஊரிலிருந்து மூதாதையர் உலகுக்கு வழியனுப்பி, இறப்பால் குலைந்த ஊரின் ஒழுங்கை மீட்பது அதன் நோக்கம். தமிழ்நாட்டில் கருமாதி முடியும்வரை வீட்டில் நல்ல காரியம் தொடங்காத வழக்கத்தை அறிந்தவருக்கு இதில் வியப்பதற்கு அதிகம் இராது.

நைஜீரியா, பெனின், டோகோ ஆகிய நாடுகளில் வாழும் யொரூபா-நாகோ மக்களின் கெலெடெ ஆட்டம், முகமூடி என்றாலே அச்சமூட்டும் உருவம் என்ற எண்ணத்தை மாற்ற வல்லது. ஆதித் தாயாகிய ‘இயா ந்லா’வையும், ஊரின் நலத்தையும் கேட்டையும் தீர்மானிக்கும் ஆற்றலுடைய முதுபெண்டிரையும் போற்றுவதற்காக ஆண்கள் பெண்முக முகமூடி அணிந்து ஆடுவது கெலெடெ. அறுவடைக்குப் பின்னும், வறட்சி, கொள்ளைநோய்க் காலங்களிலும் இது நிகழும். முகமூடி நெற்றிக்கு மேலே தொப்பியைப் போல அமர, ஆடுநரின் முகத்தைத் துணி மறைக்கும். முகமூடியின் மேல் செதுக்கப்படும் காட்சிகளும் உடன் பாடப்படும் பாடல்களும் ஊரார் செய்யும் பிழைகளை எள்ளி நகையாடும். சியரா லியோன், லைபீரியா நாடுகளில் சாண்டே என்னும் பெண்கள் சங்கத்தில் பெண்களே அணியும் கரிய தலைக்கவச முகமூடி இன்னும் அரியது: மின்னும் கருமை, நுணுக்கமாகப் பின்னிய கொண்டை, கழுத்தில் மடிப்புகள், சிறிய மூடிய வாய் என அதன் ஒவ்வோர் உறுப்பும், பருவமடைந்த பெண்ணுக்குச் சங்கம் கற்பிக்கும் நெறிகளைச் சுட்டுவது.

எவர் அணியலாம், எவர் அணியக் கூடாது என்ற வரையறையே முகமூடியின் பொருளில் பெரும்பகுதி. சாம்பியாவின் வடமேற்கில் லுவாலே, சோக்வே, லுச்சாசி, புண்டா ஆகிய மக்களிடையே எட்டு முதல் பன்னிரண்டு வயதுள்ள சிறுவர்கள் முகண்டா என்னும் தீட்சைச் சடங்குக்காக ஊருக்கு வெளியே ஒன்று முதல் மூன்று மாதங்கள் தங்க வைக்கப்படுகின்றனர். விருத்தசேதனம் செய்யப்பட்டு, காட்டில் வாழும் முறைகளும் ஆண்மகனின் கடமைகளும் கற்பிக்கப்படும் அக்காலம் முழுவதும் ஒவ்வொரு சிறுவனுக்கும் மாகிஷி எனப்படும் ஒரு முகமூடி உருவம் துணையாக அமைகிறது. அவ்வுருவம் இறந்த மூதாதை ஒருவரின் ஆவி என்பதும், பிள்ளைகளுக்கு உதவ அது உலகுக்குத் திரும்பி வருகிறது என்பதும் நம்பிக்கை. முகண்டா முடியும் நாளில் ஊர் முழுவதும் கூடி மாகிஷி ஆட்டத்தைக் காண்கிறது. சிறுவர்கள் பெரியவர்களாக வீடு திரும்புகின்றனர்.

இத்தகைய கட்டுப்பாட்டுக்குத் தமிழ்நாட்டிலேயே அமைந்த நிகரான எடுத்துக்காட்டு, தஞ்சாவூர் மாவட்டத்து மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியையொட்டி நிகழும் பாகவத மேளா. ஆண்கள் மட்டுமே பங்கேற்கும் இத்தெலுங்கு நாடக மரபில் பிரகலாத சரித்திரம் ஆடப்படும் இரவுக்கு உரியது நரசிம்மர் முகமூடி. ஆண்டின் ஏனைய நாள்களில் அது வழிபாட்டுக்குரிய திருமேனியாகவே பேணப்படுகிறது. அதை அணிபவர் அன்று நோன்பிருக்கிறார். அணிந்ததும் ஆவேசம் கொள்பவரைச் சுற்றி நின்று பிடித்துக்கொள்ளும் ஆட்கள் தேவைப்படுகின்றனர். நோன்பு, உரிமை, ஆவேசம், கட்டுப்படுத்தல், மீண்டும் வழிபாட்டிடத்துக்குத் திரும்புதல் என்னும் இந்த வரிசை, பெயர்களை நீக்கிவிட்டால், மேற்கு ஆப்பிரிக்காவின் எந்த ஊருக்கும் பொருந்தக் கூடியது.

ஆரோவிலைச் சூழ்ந்த விழுப்புரம் வட்டாரத்தில் மரமுகமூடியின் வேலையைச் செய்வது பெரும்பாலும் அரிதாரம். திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நிகழ, மாலையிலேயே ஜமா எனப்படும் கூத்துக் குழு கொட்டகையில் முகம் எழுதத் தொடங்குகிறது. துரியோதனனுக்குச் சிவப்பு, கண்ணனுக்குப் பச்சை என நிறமே பாத்திரத்தின் இயல்பை அறிவிக்கிறது. கல்யாண முருங்கை என்னும் எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணத் தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகியவற்றுக்குக் கட்டை என்று பெயர். இவற்றைப் பூண்டு நிற்பது கட்டை வேஷம். இருவர் பிடிக்கும் திரைக்குப் பின்னே சதங்கை ஒலிக்க, கிரீடத்தின் உச்சி மட்டும் தெரிய, வேஷக்காரர் தம் திரை விருத்தத்தைப் பாடுகிறார். திரை விலகியதும் கூத்தின் கோமாளியாகிய கட்டியக்காரன் அவரை யார் என்று கேட்கிறான். தாம் இன்னார் என்று அவர் சொன்ன பின்னரே ஊருக்கு அவர் அரசனாகிறார். நேற்றுவரை வயலிலோ உப்பளத்திலோ கூலிக்கு நின்ற ஒருவர் விடியும்வரை அஸ்தினாபுரத்தை ஆள்வதற்குச் சபையின் ஒப்புதலைப் பெறும் முறை இது.

துகிலுரியும் கட்டத்தில் இது விளையாட்டாக இருப்பதில்லை. துச்சாதனன் வேஷம் கட்டியவர் அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றி வணங்கிய பின்னரே பாஞ்சாலியின் சேலையில் கை வைப்பது பல ஊர்களில் வழக்கம். அப்படியும் ஆவேசம் வந்து அவர் மயங்கி விழுவதும், பூசாரி திருநீறிட்டு எழுப்புவதும் உண்டு. மாசி மாதத்தில் மேல்மலையனூர் அங்காளம்மன் மயானக் கொள்ளையின்போது காளி வேஷமிட்டு வரும் பக்தர்களை ஊரார் வணங்குவது வேஷக்காரரை அன்று, வேஷத்தில் இறங்கிய அம்மனை. கூவாகம் உள்ளிட்ட கூத்தாண்டவர் கோயில்களில் அரவானின் தலை மட்டுமே வழிபாட்டு உருவமாக இருப்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். முகமே தெய்வம் தங்கும் இடம் என்ற எண்ணம் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. அப்படியிருக்க, அதே எண்ணத்தில் பிறந்த ஆப்பிரிக்க முகமூடியை வரவேற்பறைச் சுவருக்கு அழகென்று விலை பேசும் மனம் எங்கிருந்து வந்தது என்பதுதான் விளங்கவில்லை.

ஒருவேளை அது பாரிஸ் வழியாக வந்திருக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரின் ட்ரோகடேரோ அருங்காட்சியகத்தில் குவிந்து கிடந்த ஆப்பிரிக்க மரமுகங்களைக் கண்ட ஓவியர்கள் அவற்றின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர். நவீன ஓவியத்துக்கு அது பேருதவி, முகமூடிகளின் பொருளுக்கோ பேரிழப்பு. 1931 முதல் 1933 வரை டக்காரிலிருந்து ஜிபூட்டி வரை ஆப்பிரிக்காவைக் குறுக்காகக் கடந்த பிரெஞ்சு ஆய்வுப் பயணம் ஏறத்தாழ 3,500 பொருள்களைத் திரட்டிச் சென்றது. அவற்றுள் சில, வழிபாட்டிடங்களிலிருந்து ஊராரின் அச்சத்தையும் எதிர்ப்பையும் மீறி எடுக்கப்பட்டவை என்பதை, உடன்சென்ற எழுத்தாளர் ஒருவர் 1934-இல் வெளியிட்ட நாட்குறிப்பே சொல்கிறது. அதன் பிறகு பழமைக்கு விலை கூடியது. மரம் கறுத்திருக்க வேண்டும், உள்புறம் வியர்வை படிந்து மெருகேறியிருக்க வேண்டும், விளிம்பு தேய்ந்திருக்க வேண்டும். சேகரிப்போர் கேட்பது இதையே. அணிந்த மக்களோ கறையான் அரித்ததைக் கழித்துப் புதியதைச் செதுக்கியும், மங்கியதற்கு மறுபடி வண்ணம் பூசியும் வந்தனர். சந்தைக்கெனவே செய்து புகையிலும் மண்ணிலும் வைத்துப் பழமையாக்கிய முகமூடிகள் இன்று ஏராளம்; அவற்றை எவரும் அணிந்ததில்லை.

அருங்காட்சியகங்கள் இல்லையேல் பல வடிவங்கள் அழிந்தே போயிருக்கும் என்போரும் உளர். அவ்வாறு நேர்ந்திருக்கவும் கூடும்.

மாற்றமே கூடாது என்று கொள்வதும் பிழை. மலாவி, மொசாம்பிக், சாம்பியா நாடுகளில் செவா மக்களின் நியாவு என்னும் ஆண்கள் சங்கம் ஆடும் குலே வாம்குலுவில், காட்டு விலங்குகளும் இறந்தோரின் ஆவிகளும் அடிமை வணிகர்களும் முகமூடியுருவில் வருவதோடு, அண்மைக் காலத்தில் ஹோண்டா வண்டியும் ஹெலிகாப்டரும்கூட வந்து சேர்ந்துள்ளன. ஊருக்குள் நுழைந்து அச்சத்தையோ வியப்பையோ ஏற்படுத்திய எதற்கும் அங்கே முகமூடி உண்டு. கெடுதல் வருவது வேறு வழியில். 2005-இல் மாகிஷி ஆட்டத்தையும் குலே வாம்குலுவையும் மானுடத்தின் சிறந்த மரபுகளாக அறிவித்த யுனெஸ்கோ, கட்சிக் கூட்டங்களுக்கும் கேளிக்கை நிகழ்ச்சிகளுக்கும் மாகிஷி ஆடுநர்கள் அழைக்கப்படுவது அவ்வாட்டத்தின் இயல்பைக் குலைக்கக்கூடும் என்பதையும் குறிப்பிட்டுள்ளது. தீட்சை பெறும் சிறுவன் இல்லாமல், துணைவரும் மூதாதை மட்டும் மேடையேறுகிறார்.

விழுப்புரம் கூத்துக்கும் இதே நிலை நெருங்கிக்கொண்டிருக்கிறது என்பதே கவலை. இரவு முழுவதும் ஆடும் கூத்து, சுற்றுலா மேடைகளுக்கும் பண்பாட்டு விழாக்களுக்குமென அரைமணி நேரத்துக்குள் சுருக்கப்படுகிறது. பெரும்பாலும் முதலில் வெட்டுப்படுபவை திரை விருத்தமும் கட்டியக்காரனின் விசாரணையும். எஞ்சுவது கிரீடமும் சுழற்சியும், அதாவது படம் எடுக்கத் தக்கவை. பாரதப் போர்க்களமாக அமையும் படுகளத்தில் களிமண்ணால் கிடத்தப்பட்ட பேருருத் துரியோதனன்முன் கூத்து முடிந்து, பாஞ்சாலி கூந்தல் முடித்து, ஊர் தீமிதிக்கும்போதுதான் முதல்நாள் எழுதிய சிவப்பு நிறத்துக்குப் பொருள் முழுமையடைகிறது. குளிரூட்டிய அரங்கில் நிகழ்வது அந்த வரிசையிலிருந்து கிள்ளியெடுத்த ஒரு துண்டு; ஜமாவுக்கு அதனால் வரும் வருமானம் தேவையானது என்பதை மறுப்பதற்கில்லை, ஆனால் துண்டையே முழுமையெனக் கற்ற அடுத்த தலைமுறை வாத்தியாரிடம் பாரதம் முழுவதையும் பாடம் கேட்க வருமா என்பது ஐயம்.

ஆரோவிலின் அரங்கங்கள் முகமூடிகளைக் காட்சிக்கு வைக்க விரும்பினால், ஒவ்வொன்றின் அருகிலும் அதை அணியும் உரிமை எவருக்கு உண்டு, எந்த நாளில், எவர் அதைக் காணலாகாது என்பனவற்றை எழுதி வைக்கலாம். விடை தெரியாதவற்றைக் காட்சிக்கு வைக்காமலே விடலாம். பார்வையாளருக்கோ அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. பங்குனி தொடங்கி ஆடி வரை வானூர், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் ஏதேனும் ஓர் ஊரில் திரௌபதி அம்மனுக்குக் கொடியேறியிருக்கும். கூத்து இரவு பத்து மணிக்கு மேல்தான் சூடுபிடிக்கும், நுழைவுக் கட்டணம் இல்லை, உட்காரப் பாய் ஒன்றை எடுத்துச் செல்வது நல்லது.