பாலாறு முதல் வோல்கா வரை – 9: நூற்றுக்கு எண்பது பேர்

2025 ஆகஸ்ட் 27. அன்று அமெரிக்காவுக்குப் போகும் இந்திய ஷூவுக்கும் தோலுக்கும் 50 சதவீதக் கூடுதல் வரி அமலுக்கு வந்தது. அதில் சரிபாதி, இந்தியா ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்குகிறது என்பதற்காகப் போட்ட அபராதம். உக்ரைன் போரின் செலவில் ஒரு பங்கு ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி ஷூ கம்பெனிகளின் தலையில் விழுந்தது இப்படித்தான். முதல் அடி 2022-லேயே விழுந்துவிட்டது. போர் தொடங்கியதும் ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏறியது, விலைவாசி எகிறியது. ஜெர்மனியில் ஒரு குடும்பம் புது ஷூ வாங்குவதைத் தள்ளிப்போட்டால், இங்கே ஷூவின் மேற்பகுதியைத் தைக்கும் பெண்ணுக்கு ஓவர்டைம் போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் இந்தப் பக்கத்தில் ரஷ்யா மீது பெரிய கோபம் எதுவும் கிடையாது. காட்பாடி ஜங்ஷனில் சென்னை ரயிலுக்குக் காத்திருப்பவர்களிடம் போர்ப் பேச்சு எழுந்தால், யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுவார்: “புதினை விடுங்க சார், அவங்க ஜனங்களே நூத்துக்கு எண்பது பேரு போருக்கு ஆதரவாத்தானே இருக்காங்க.”

அந்த எண்பது எங்கிருந்து வந்தது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்ப்பதுதான் இந்த வாரம்.

அதற்கு முன் நம் பக்கத்துக் கணக்கு. ரஷ்யா மீதான பாசம் வேலூர் வட்டாரத்துக்கு மட்டும் உரியதல்ல. 2023-இல் பியூ ஆய்வு மையம் 24 நாடுகளில் கேட்டபோது பெரும்பாலான நாடுகளில் ரஷ்யா மீது கசப்புதான் வெளிப்பட்டது. இந்தியாவிலோ பாதிக்கு மேற்பட்டோர் நல்ல அபிப்பிராயம் சொன்னார்கள். 2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் ரஷ்யாவின் படையெடுப்பை 141 நாடுகள் கண்டித்தன. 5 நாடுகள் எதிர்த்து வாக்களித்தன. ஒதுங்கி நின்ற 35 நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

தோல் வட்டாரத்தில் இந்தப் பாசத்துக்குத் தொழில் சார்ந்த காரணமும் உண்டு. 1970-களின் தொடக்கம் வரை இங்கிருந்து போனது பெரும்பாலும் அரைப் பதனிட்ட தோல். சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு மத்திய அரசு அந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வைத்தது. தோலை முழுதாகப் பதனிட்டு, வெட்டி, ஓரத்தைச் சீவி, தைத்து, ஷூவின் மேற்பகுதியான அப்பராக அனுப்பும் தொழில் அப்போது வளர்ந்தது. இந்திய அப்பரைப் பெரிய அளவில் வாங்கிய நாடுகளில் சோவியத் யூனியன் ஒன்று. அதற்கு டாலர் தேவைப்படவில்லை. கணக்கு ரூபாயில் நடந்தது. 1991 டிசம்பரில் சோவியத் யூனியன் இல்லாமல் போனதும் அந்த ரூபாய் வர்த்தகமும் முடிந்தது. தொழில் மேற்கு ஐரோப்பாவின் பக்கம் திரும்பியது.

புத்தகங்கள் இன்னொரு வழி. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அச்சிட்ட தமிழ் நூல்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மலிவு விலையில் ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது. தொழிற்சங்கத் தோழர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்த ‘வீரம் விளைந்தது’ நாவலை எழுதிய நிக்கொலாய் ஒஸ்திரோவ்ஸ்கி பிறந்தது இன்றைய உக்ரைனில். கதை தொடங்கும் ஷெப்பெத்தோவ்கா ஊரும் உக்ரைனில்தான். எழுத்தாளர் கோகல் பிறந்த மண்ணும் அதுவே. ‘ரஷ்ய விமானம்’ என்று பழக்கத்தில் சொல்லும் இந்திய விமானப்படையின் ஏ.என்.-32, கீவ் நகரத்தின் அன்டோனவ் நிறுவனம் வடிவமைத்தது. நாம் நேசித்த அந்த ‘ரஷ்யா’வுக்குள் உக்ரைனும் இருந்தது. இன்று ஒன்று மற்றொன்றின் மீது குண்டு போடும்போது, பழைய நன்றி முழுவதையும் மாஸ்கோவின் கணக்கில் மட்டும் வரவு வைப்பது நியாயமே இல்லை.

இனி அந்த எண்பதுக்கு வருவோம்.

மாஸ்கோவில் லெவாடா மையம் என்று ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனம் இருக்கிறது. அரசு சாராதது, 2016-இல் ரஷ்ய அரசு அதற்கு ‘அந்நிய ஏஜென்ட்’ என்று முத்திரை குத்தியது. நாடு முழுக்கச் சுமார் 1,600 பேரை வீட்டுக்கே போய் நேரில் கேட்பது அதன் வழக்கம். உக்ரைனில் ரஷ்யப் படைகளின் நடவடிக்கையை ஆதரிக்கிறீர்களா என்று 2022 மார்ச் மாதம் கேட்டபோது 81 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். நூற்றுக்கு 53 பேர் உறுதியாக. மீதி 28 பேர் ‘ஆதரிக்கிறேன் என்றே சொல்லலாம்’ என்ற அளவில். உலகம் முழுக்கப் பரவியது கூட்டுத்தொகை மட்டும்.

அந்த மார்ச் மாதம் ரஷ்யாவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 4-ஆம் தேதி ஒரு சட்டம் வந்தது. படையைப் பற்றிப் ‘பொய்த் தகவல்’ பரப்பினால் 15 ஆண்டுவரை சிறை. போரைப் போர் என்று சொல்வதே ஆபத்து. அடுத்த மாதம் துலா மாகாணத்தில் ஒரு பள்ளிச் சிறுமி போருக்கு எதிராகப் படம் வரைந்தாள். போலீஸ் வீட்டுக்கு வந்தது, தந்தையின் சமூக ஊடகப் பதிவுகளைத் தோண்டியது. 2023 மார்ச்சில் அவருக்கு இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை; மகள் காப்பகத்தில் வைக்கப்பட்டாள். இப்படிப்பட்ட நாட்டில் முன்பின் தெரியாத ஒருவர் கதவைத் தட்டி, “படையை ஆதரிக்கிறீங்களா?” என்று கேட்டால் ஒரு குடும்பஸ்தர் என்ன சொல்வார்?

இந்தப் பயத்தைக் கழித்துவிட்டு அளக்க ஒரு வழி உண்டு. பிலிப் சாப்கோவ்ஸ்கி, மாக்ஸ் ஷாப் என்ற இரு ஆய்வாளர்கள் 2022 ஏப்ரலில் அதைச் செய்து பார்த்தார்கள். மக்களை இரு குழுவாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்குப் போரோடு சம்பந்தமில்லாத சில விஷயங்களின் பட்டியல். மற்றக் குழுவுக்கு அதே பட்டியலோடு போர் ஆதரவும் ஒரு வரியாகச் சேரும். எதை ஆதரிக்கிறீர்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம்; எத்தனை என்று மட்டும் சொன்னால் போதும். முதல் குழுவின் சராசரி 1.5 என்றும் இரண்டாவதன் சராசரி 2 என்றும் வந்தால், வித்தியாசம் அரை. ஆக, பாதிப்பேர் போரை ஆதரிக்கிறார்கள். தனி மனிதர் யாரும் மாட்டிக்கொள்ள மாட்டார். நேரடியாகக் கேட்டபோது 68 சதவீதம் ஆதரவு காட்டியவர்கள், இந்த முறையில் 53 சதவீதத்துக்கு இறங்கினார்கள்.

53-ம் சிறிய எண் அல்ல. பயத்தைக் கழித்த பிறகும் பாதிக்கு மேல் நிற்கிறது. ரஷ்ய மக்கள் எல்லோரும் மனதுக்குள் போரை வெறுக்கிறார்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தொலைக்காட்சியை நம்பும் முதியவர்களிடம் ஆதரவு அதிகம், இளைஞர்களிடம் குறைவு என்று லெவாடாவே திரும்பத் திரும்பக் காட்டுகிறது. இரண்டாம் உலகப் போரில் சுமார் 2.7 கோடி சோவியத் மக்கள் மாண்டார்கள். அந்த நினைவைக் காட்டித்தான் இந்தப் போரும் பழைய நாஜி எதிர்ப்பின் தொடர்ச்சி என்று மக்களுக்குச் சொல்லப்படுகிறது. மாண்டவர்களில் லட்சக்கணக்கான உக்ரைனியர்களும் உண்டு என்பதை அந்தத் தொலைக்காட்சி சொல்வதில்லை.

அதே லெவாடாவின் கணக்கில், 2022 கடைசியிலிருந்து பெரும்பாலும் பாதிக்கு மேற்பட்டோர் சமாதானப் பேச்சு வேண்டும் என்கிறார்கள். பிடித்த நிலத்தைத் திருப்பிக் கொடுக்கலாமா என்றால் பெரும்பான்மை மறுக்கிறது. போர் முடிய வேண்டும், ஆனால் எதையும் விடக் கூடாது: இந்த இரண்டையும் ஒரே மனிதர் ஒரே மூச்சில் சொல்கிறார்.

வாய் சொல்வதைவிடக் கால் சொல்வது நம்பகமானது. 2022 செப்டம்பர் 21 அன்று 3 லட்சம் பேரைப் படைக்கு அழைக்கும் ஆணையைப் புதின் வெளியிட்டார். ஒரு வாரத்துக்குள் கஜகஸ்தானுக்குள் மட்டும் சுமார் 98,000 ரஷ்யர்கள் நுழைந்தார்கள். ஜார்ஜியா எல்லையில் கார்கள் கிலோமீட்டர் கணக்கில் நின்றன. அதன் பிறகு அரசு அப்படி ஓர் ஆணை போடத் துணியவில்லை, பணத்தை இறக்கியது. 2024 ஜூலையில் மாஸ்கோ நகராட்சி, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் படையில் சேருபவருக்கு 19 லட்சம் ரூபிள் தருவதாக அறிவித்தது. அன்றைய மதிப்பில் சுமார் 18 லட்சம் ரூபாய். நூற்றுக்கு எண்பது பேர் மனமார ஆதரிக்கும் போருக்கு இவ்வளவு விலை கொடுத்து ஆள் பிடிக்க வேண்டியதில்லை.

உள்ளூரில் ஆள் போதாதபோது வெளியூரில் தேடினார்கள். உதவியாளர் வேலை, செக்யூரிட்டி வேலை, படிப்பு என்று ஏஜென்ட்டுகள் ஆசை காட்டி அழைத்துப்போன இந்திய இளைஞர்கள் போர்முனையில் நின்றார்கள். 2024 மார்ச்சில் சி.பி.ஐ. பல நகரங்களில் சோதனை நடத்தியது. அந்த ஜூலையில் மாஸ்கோ போன பிரதமர் மோடி புதினிடமே இதை எழுப்பினார். 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் சொன்ன கணக்கு: ரஷ்யப் படையில் சேர்ந்ததாகத் தெரியவந்த இந்தியர்கள் 126 பேர், திரும்பியவர்கள் 96 பேர், இறந்தவர்கள் 12 பேர், காணாமல் போனவர்கள் 16 பேர்.

மருத்துவ சீட் கிடைக்காமல் வெளிநாடு போகும் பிள்ளைகள் வேலூர் மாவட்டத்திலும் உண்டு. 2022-இல் உக்ரைனிலிருந்து மீட்கப்பட்ட தமிழக மாணவர்கள் சுமார் 1,900 பேர். போர் நடக்கும் நாட்டுக்கு வேலை, படிப்பு என்று யாராவது ஆசை காட்டினால், ரஷ்ய மொழியில் நீட்டப்படும் எந்தத் தாளிலும் பிள்ளையைக் கையெழுத்துப் போட விடாதீர்கள். சந்தேகம் வந்தால் ஏஜென்ட்டிடம் கேட்காதீர்கள்; மாஸ்கோவில் உள்ள இந்தியத் தூதரகத்தைக் கேளுங்கள்.

(தொடரும்)